எங்கே வாங்கின வளையல்?

அன்று மத்தியானம் எக்ஸ்ரே அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பொறுப்பாளர் சிஸ்டர் ஆக்னஸ், அவருக்குக் கீழே வேலை பார்த்த நான், ஜீயபுரத்திலிருந்து இடது கையை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்த பாக்கியம் என்கிற எட்டு மாதக் கர்ப்பிணி, அவளுடைய மாமியார் மாரியாயி, கடைசியாக வந்து சேர்ந்த வளையல்கடை காதர் பாய். இல்லாதவர் ஒருவர்தான்: பாக்கியத்தின் வீட்டுக்காரர் ராசு. நாக்பூருக்கு லாரி ஓட்டிக்கொண்டு போனவர். பதினோரு நாளாகத் தகவல் இல்லை. அறையில் இருந்த எங்களைவிட, இல்லாத அவர்தான் அன்று பெரிய ஆளாக இருந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். நான் ஓய்வு பெற்ற அதே ஆஸ்பத்திரியில் என் இடத்தில் இப்போது இருப்பவர் போன மாதம் கூப்பிட்டார்.

"சார், இப்பெல்லாம் படம் ரெண்டு செகண்டுல கம்ப்யூட்டர்ல வந்துடுது. ஆனா இங்க ஒரு அம்மா வளையலைக் கழட்ட மாட்டேன்னு அரை மணி நேரமா உக்காந்திருக்காங்க. உங்க காலத்துல என்ன பண்ணுவீங்க?"

"எங்க வாங்கினதுன்னு கேளுங்க" என்றேன்.

"சார், நான் சீரியஸா கேக்கறேன்."

நானும் சீரியஸாகத்தான் சொன்னேன். போனில் விளக்க வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார், அம்மா கூடை சுமந்தார். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் ஆள் நான். சென்னையில் இரண்டு வருஷம் எக்ஸ்ரே படிப்பு படித்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். எலும்புகள் இருநூற்றாறு என்பதும், ஃபிலிமை டெவலப்பரில் எத்தனை நிமிஷம் முக்கவேண்டும் என்பதும் மனப்பாடம். வளையலைப் பற்றிப் படித்தது ஒரே ஒரு வரி: "படம் எடுக்கும் முன் நகைகளை அகற்றவும்." அதை நோட்டில் எழுதி சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தேன். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் முதல் சில மாதம் ஊரைப் படுத்தினேன்.

வரி தப்பில்லை. தங்கம் படத்தில் வெள்ளையாக விழும். கண்ணாடியும் விழும். மணிக்கட்டைப் படம் எடுக்கும்போது வளையல் இருந்தால், எலும்பில் விரிசல் இருக்கிற இடத்திலேயே அதன் நிழல் வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். டாக்டருக்கு வளையல்தான் தெரியும், முறிவு தெரியாது.

ஆனால் நெஞ்சையும் வயிற்றையும் படம் எடுக்கும்போதுகூட நான் அந்த வரியை விடவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து இருமலோடு ஒரு மாமி வந்தார். நெஞ்சுப் படம். "நகையெல்லாம் கழட்டி வைங்க" என்று டிரேயை நீட்டினேன். தங்க வளையல் இரண்டும் சுலபமாக வந்தன. கண்ணாடி வளையல்களைக் கழற்றும்போது அவர் முகம் மாறியது. கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையையும் புடவைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் சிஸ்டர் ஆக்னஸ் உள்ளே வந்தார்.

"தம்பி, நெஞ்சு எங்க இருக்கு?"

காட்டினேன்.

"வளையல் எங்க இருக்கு?"

காட்டினேன்.

"நடுவுல எவ்வளவு தூரம்?"

நான் டிரேயைக் கீழே வைத்தேன்.

"ஒரு முழம். அந்த ஒரு முழத்தைப் பாக்காம இவங்களை எதுக்கு அழ வெச்சீங்க?"

மாமிதான் என்னைக் காப்பாற்றினார். "விடுங்கோ சிஸ்டர். கொழந்தை இப்பதானே கத்துக்கறது." எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

இரண்டாவது இன்னும் மோசம். பஸ்ஸிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கிய ஒரு டீச்சர். நான் சீட்டில் பெயர் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "வளையலைக் கழட்டுங்கம்மா" என்றேன். சத்தமே இல்லை. மறுபடி சொன்னேன்.

"கழட்ட ஒண்ணுமில்ல தம்பி. போன வருஷமே கழட்டிட்டாங்க."

நிமிர்ந்து பார்த்தேன். வெறும் கை. கழற்றினேன் என்று அவர் சொல்லவில்லை, கழட்டிட்டாங்க என்றார். அன்றிலிருந்து வேலையை விடும்வரை, முதலில் கையைப் பார்ப்பேன், பிறகுதான் சீட்டைப் பார்ப்பேன்.

சிஸ்டர் ஆக்னஸ் மணப்பாறைப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். பதினெட்டு வயதில் மடத்தில் சேர்ந்தவர். அந்த மணிக்கட்டில் வளையல் ஏறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆனால் வளையலை இறக்குவதில் அவரைப்போல் ஓர் ஆளை நான் பார்க்கவில்லை.

அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியைவிடத் தாழ்வாக உட்காருவார். "கழட்டுங்க" என்ற சொல் அவர் வாயில் வராது. "இந்தக் கை வளையலைக் கொஞ்ச நேரம் அந்தக் கைக்கு மாத்திக்கலாமா?" என்பார். அதற்குள் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "நல்லா இருக்கே, எங்க வாங்கினது?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பெண்ணை நான் கண்டதில்லை. பெரிய கடை வீதி என்பார்கள், சமயபுரம் கோயில் வாசல் என்பார்கள், அண்ணன் வாங்கிக் கொடுத்தது என்பார்கள். பேச்சு வளர வளர, சோப்புத் தண்ணீர் தொட்ட சிஸ்டரின் விரல்கள் வேலை பார்க்கும். ஒரு நேரத்தில் ஒரு வளையல், இரண்டாக இழுக்கமாட்டார். ஒவ்வொன்றாக எண்ணி, அடிபடாத கையில் ஏற்றிவிடுவார். அந்தக் கை கொள்ளாவிட்டால், துணியில் கோத்து நோயாளியின் மடியில் வைப்பார். மேஜையில் ஒருநாளும் வைக்கமாட்டார். கடைசி வளையலை இறக்கும் முன்னால் அந்த மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டுவார், கை மூளியாகிவிடக் கூடாது என்று. இடம் வலம் குறிக்கிற ஈய எழுத்துகள் இருக்கும் இழுப்பறையில், அவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் நூல்கண்டும் எப்போதும் இருக்கும்.

"சிஸ்டர், நூல் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நூலுக்குப் படத்துல நிழல் விழாது தம்பி. மெஷின் கண்ணுக்கு அது தெரியாது. மாமியார் கண்ணுக்குத் தெரியும்."

அந்த முக்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் வளையலைக் கற்றுக்கொண்டேன். இரண்டு தங்க வளையலுக்கு நடுவே கண்ணாடி போடுவது அழகுக்கு மட்டுமில்லை, தங்கத்தோடு தங்கம் உரசித் தேயாமல் இருப்பதற்கும்தான். சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் ரப்பர் வளையல் போடுவார்கள், கண்ணாடி திருவிழாவுக்கு. குழந்தை இல்லாதவர்கள் ஆடிப்பூரத்தன்று அம்மனுக்குச் சாத்திய வளையலை வாங்கி வந்து போட்டிருப்பார்கள், அதைத் தொடும்போது சிஸ்டர் பேச்சைக்கூடக் குறைத்துவிடுவார். திருச்சியின் பழைய பகுதி முஸ்லிம் பெண்கள் போட்டிருக்கும் நுணுக்கமான வளையல்களைப் பார்த்துவிட்டு, அடுத்து உட்கார்ந்திருக்கும் கிராமத்துப் பெண், "எங்கக்கா கெடைக்கும்?" என்று கேட்பார். உடைந்த கை ஒரு பக்கம் வலிக்கும், கேள்வி ஒரு பக்கம் வரும். ஒரு நகை வலியையும் மறக்க வைக்கும் என்றால் அது அந்த நகைதான். ஜோடி சில காசு பெறுகிற கண்ணாடி, ஆனால் அதைப் போட்டிருப்பவர் அதைத் தன் வீட்டுக்காரரின் உயிராகவே எண்ணுவார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், இது பின்னால் வரும். வளையல்காரர் கையில் ஏற்றும்போது உடைந்தால் அது அவர் சரக்கு. அதற்குக் காசு கிடையாது, அபசகுனமும் கிடையாது. அவர் ஏற்றி முடித்து, காசு கை மாறிய பிறகு உடைந்தால் அது நம்முடையது. இந்த வழக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

காதர் பாயை எனக்கு முன்பே பழக்கம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு டஜன் பச்சை வளையல் வாங்க அவர் கடைக்குப் போனேன்.

"என்ன அளவு தம்பி? ரெண்டு நாலா, ரெண்டு ஆறா?"

"தெரியலையே பாய்."

"பெத்த தாயி கை அளவு தெரியல. எலும்பைப் படம் புடிக்கிற வேலைங்கறீங்க."

உத்தேசமாகக் கொடுத்தார். சரியாக இருந்தது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் கூடை தூக்கப் போகவில்லை. தெருவில் இரண்டு தடவை போய் வந்தார். மறுநாள் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு ரப்பர் வளையலோடு மார்க்கெட் போனார்.

இனி பாக்கியத்தின் கதை. எழுபதுகளின் கடைசி. ஆனி மாதத்தில் அவளுக்கு வளைகாப்பு நடந்திருந்தது. வளைகாப்பில் போட்ட வளையல் பிரசவம் வரைக்கும் கையில் இருக்கவேண்டும், உள்ளே இருக்கிற குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்கும் என்பார்கள். பிரசவம் ஆனதும் கழற்றி, பிரசவம் பார்த்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அதைத் தொடக்கூடாது.

மகனிடமிருந்து தகவல் இல்லை என்ற கவலையில் மாரியாயி, ஆடிப்பெருக்கன்று மருமகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு வந்திருக்கிறார். காவிரிக்குக் காதோலையும் கருகமணியும் விட்டு, ராசு நல்லபடியாகத் திரும்பவேண்டும் என்று கும்பிட்டிருக்கிறார்கள். படியேறும்போது பாக்கியம் வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்தாள். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. வளையலில் ஒன்றுகூட உடையவில்லை. அதுவே பெரிய ஆறுதலாகி, கைக்குப் பச்சிலை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கை வீங்கி, மறுநாள் மத்தியானம் எங்களிடம் வரும்போது பதினோரு வளையலும் சதையைப் பிடித்திருந்தன. விரல்கள் குளிர்ந்து நீலம் பாரித்திருந்தன.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது இரண்டே வாக்கியம். "ஒரு மணி நேரத்துல வளையல் எல்லாம் வெளிய வரணும், இல்லேன்னா விரலுக்கு நான் பொறுப்பில்ல. மாசமா இருக்கிற பொண்ணு, படம் ஒரே தடவைதான், கெட்டுப்போச்சுன்னு ரெண்டாவது எடுக்கக் கூடாது."

சிஸ்டர் அப்போது மத்தியான ஜெபத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தேன். முதல் வளையலே அசையவில்லை. பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்து அறையில் மாவுக்கட்டு வெட்டுகிற பெரிய கத்திரி இருந்தது. எடுத்து வந்தேன்.

"சோப்பெல்லாம் வேலைக்கு ஆகாதும்மா. உடைச்சு எடுத்துடலாம்."

"என்னன்னு சொன்னீங்க?" என்றார் மாரியாயி.

"உடைச்சுடலாம்னு. கண்ணாடிதானே."

"படிச்சவரு பேசற பேச்சா இது? எம் மவன் ரோட்டுல இருக்கான்."

"அவருக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? அவரு லாரி என்ன இந்த வளையல் மேலயா ஓடுது?"

சொன்ன அந்த விநாடி, புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. பாக்கியம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மேஜை விளிம்பில் பட்டு, வலியில் உடம்பே குறுகியது. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"அத்தை, வாங்க போயிடலாம். கை போனாப் போவுது. அவரு வந்தாப் போதும்."

மாரியாயி பையை எடுத்துக்கொண்டார். இருவரும் கதவுக்குப் போகவும் சிஸ்டர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. சிஸ்டர் என் கையிலிருந்த கத்திரியைப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்கு நான் தம்பி இல்லை.

"மிஸ்டர் செல்லமுத்து. அதை எடுத்த இடத்துல வெச்சுட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தேன். அவர்களை அவர் தடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். போகிறவர்களிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"பச்சையும் செவப்பும் நல்ல ஜோடியா இருக்கே. எங்கம்மா வாங்கின வளையல்?"

மாரியாயி நின்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக அவராலும் முடியவில்லை.

"வாங்கல. வீட்டுக்கே வந்து போட்டாரு. பெரிய கடை வீதி காதர் பாய்."

"எத்தனை போட்டாரு?"

"இந்தக் கையில பதினொண்ணு, அதுல பத்து."

"ஏத்தறப்ப ஏதாச்சும் உடைஞ்சு போச்சா?"

"மூணு போச்சு. அது அவரு கையிலேயே போனது, அவரு சரக்கு. தகர டப்பாவுல போட்டுட்டு வேற போட்டாரு."

சிஸ்டர் முக்காலியைவிட்டு எழுந்தார். பிறகு பாக்கியத்திடம், "போட்டவரே வந்து எறக்கினா ஒத்துக்குவியாம்மா?" என்றார். அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "சைக்கிள் இருக்கா?"

மெயின்கார்டு கேட் வழியாக மிதித்துப் போனேன். காதர் பாய் மத்தியான லுஹர் தொழுகை முடித்து வந்து அப்போதுதான் சாப்பாட்டைத் திறந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஜீயபுரமா? ரெண்டு ஆறு. எடது கையில பதினொண்ணு" என்று கணக்கை அவரே சொல்லிவிட்டு, டிபனை மூடினார். ஒரு சோப்புக்கட்டி, ஒரு சுருள் நாடா, இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் குறடு, காகிதத்தில் சுற்றிய இரண்டு வளையல். நான் குறட்டைப் பார்ப்பதைப் பார்த்தார். பைக்குள் போட்டுக்கொண்டு கேரியரில் ஏறினார்.

ஜனங்களுக்கு நடுவே நான் பயந்து பயந்து ஓட்டினேன். "வேகமா மிதிங்க தம்பி. நான் ஒண்ணும் வளையல் மூட்டை இல்ல, உடைய மாட்டேன்."

அறைக்குள் வந்ததும் அவர் பேசியது பாக்கியத்திடம் மட்டும்.

"அன்னிக்கே சொன்னேனா இல்லையா? ரெண்டு எட்டு போட்டுக்கம்மா, மாசம் ஏற ஏறக் கை பூரிக்கும்னு. பிடிப்பா இருந்தாத்தான் அழகுன்னியே. இப்ப பாரு பிடிப்பை."

அவ்வளவு வலியிலும் அவள் சிரித்துவிட்டாள். நாங்கள் வந்து சேர்வதற்குள் சிஸ்டர் அவள் கையைத் தலைக்கு மேலே தூக்கித் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. பாய் விரல் நுனியிலிருந்து நாடாவை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே உள்ளங்கைக்கு வந்தார். சுற்றச் சுற்றக் கை ஒடுங்கியது. மேலே சோப்பு நுரை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முதல் வளையலைத் திருகாமல், இழுக்காமல், இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டினார். பூட்டைத் தட்டித் திறக்கிற மாதிரி. அது விரல் முட்டியில் நின்றது, யோசித்தது, பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு" என்றார் சிஸ்டர்.

வளையலைத் துடைத்து மாரியாயியிடம் கொடுத்தார் பாய். மாரியாயி அதை மருமகளின் வலது கையில் ஏற்றினார். இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் பாய் ஏதாவது பேசிக்கொண்டிருந்தார். பொண்ணா பையனா, என்ன சாப்பிடத் தோணுது, ஜீயபுரத்து வாழைப்பழம் முன்ன மாதிரி இல்லையே. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வரும்போது டாக்டர் சொன்ன ஒரு மணி நேரத்தில் பத்து நிமிஷம் மிச்சம்.

பத்தாவது வரவில்லை. கடைசி இரண்டும் முறிந்த இடத்தின் மேலேயே உட்கார்ந்து, சதைக்குள் புதைந்திருந்தன. பாய் இரண்டு தடவை முயன்றார். இரண்டாவது தடவை பாக்கியத்துக்கு மயக்கம் வருகிற மாதிரி ஆகிவிட்டது. பாய் கையை எடுத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாரியாயி ராசுவின் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு நாலணாக் காசை எடுத்து, பாக்கியத்தின் வலது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இந்தாம்மா. அந்த ரெண்டு வளையலையும் நான் வாபஸ் வாங்கிக்கிட்டேன்."

பிறகு மாரியாயியிடம் திரும்பினார். "அக்கா, காசு கை மாறிடுச்சு. இப்ப இந்த ரெண்டும் யாரு சரக்கு?"

மாரியாயி மூடியிருந்த அந்தக் கையைப் பார்த்தார். நீலம் பாரித்த இந்த விரல்களைப் பார்த்தார்.

"சொல்லுங்கக்கா."

"உங்க சரக்குதான் பாய்."

"என் சரக்கு எங்கையில உடைஞ்சா?"

"உங்க நட்டம்."

"என் நட்டத்துக்கு நீங்க எதுக்கு அழறீங்க?"

மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளின் தோளைப் பிடித்தார். "காட்டுடி கையை" என்றார்.

சிஸ்டர் மஞ்சள் நூலைக் கட்டினார். பாய் வளையலுக்கும் தோலுக்கும் நடுவே நாடாவை மடித்து நுழைத்து, மேலே ஈரத்துணியைப் போர்த்தி, துணிக்குள்ளேயே குறட்டால் பிடித்தார். சின்னச் சத்தம். இன்னொரு சத்தம். துணியை எடுத்தபோது இரண்டு வளையலும் நான்கு துண்டாக இருந்தன, தோலில் ஒரு கீறல் இல்லை. துண்டுகளை அவர் எங்கும் போடவில்லை, காகிதத்தில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். கொண்டுவந்திருந்த புது வளையல் இரண்டையும் அவள் வலது கையில் ஏற்றினார். பழைய பத்து, இறக்கின ஒன்பது, புதுசு இரண்டு. இருபத்தொன்று. முழங்கை வரைக்கும் நிறைந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகள் சிவக்க ஆரம்பித்தன. வயிற்றைச் சுற்றி ஈயக் கவசம் இரண்டு கட்டி, அவளை ஒருபக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, கையை மட்டும் நீட்டச் சொன்னேன். என் வாழ்க்கையில் எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன், அவ்வளவு கவனமாக எடுத்தது அதுதான். டார்க் ரூமில் சிவப்பு விளக்கில் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தேன். எலும்பும் முறிவும் தெளிவாக விழுந்திருந்தன. நிழல் எதுவும் இல்லை. ஈரம் சொட்டச் சொட்ட டாக்டரிடம் கொண்டுபோனேன். "இப்பத்தான் படம் எடுக்கக் கத்துக்கிட்டீங்க" என்றார்.

மாவுக்கட்டு போட்டு முடித்ததும் பாக்கியத்திடம் போய், லாரியைப் பற்றி அப்படிச் சொன்னது தப்பு என்றேன். அவள் மாமியாரைப் பார்த்தாள். மாரியாயி, "படிச்சவங்களுக்கு வாய் முந்தும், விடுங்க" என்றார்.

ராசு ஆறாம் நாள் வந்தார். ஆக்சில் உடைந்து, சாமான் கிடைக்காமல் ஆந்திராவில் ஏதோ ஊரில் லாரியோடு கிடந்திருக்கிறார். மனைவியைக் கட்டுப் பிரிக்கக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவரே. ஆவணி கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. பத்தொன்பது வளையல் வழக்கப்படி பிரசவம் பார்த்த நர்ஸுக்குப் போனது. பாய் போட்ட புதுசு இரண்டையும் மாரியாயி சிஸ்டரிடம் கொண்டுவந்து கொடுத்தார். சிஸ்டர் அதை நூல்கண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சில வருஷம் கழித்து, பஸ் கவிழ்ந்து வளையல் எல்லாம் நொறுங்கிப்போன கையோடு ஒரு பெண் வந்தபோது, படம் எடுத்து முடித்ததும் கைக்கு ஒன்றாக அவளுக்குப் போட்டுவிட்டார். எண்பதுகளில் சிஸ்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது இழுப்பறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். நூல்கண்டை மட்டும் தீரத் தீர நான் வாங்கி வைத்தேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று பாய் கிளம்பும்போது மாரியாயி சுருக்குப் பையை அவிழ்த்தார்.

"கடையை விட்டு வந்திருக்கீங்க, சோறுகூடத் திங்கலையாம். எவ்வளவு பாய்?"

"வந்ததுக்கு ஒண்ணும் வேணாம். புதுசு ரெண்டு போட்டேன், அதுக்கு மட்டும் குடுங்க."

மாரியாயி பைக்குள் துழாவினார்.

"அங்க எதுக்குத் தேடறீங்க?" என்று பாக்கியத்தின் வலது கையைக் காட்டினார் பாய். புது வளையல் ஏற்றும்போதுகூடக் காசைக் கட்டைவிரலால் உள்ளங்கையோடு அழுத்திப் பிடித்திருந்தவள், அதுவரை அந்தக் கையைத் திறக்கவே இல்லை. திறந்தாள். வேர்வையில் நனைந்து, உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்த காசை அவர் எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நாலணா.